சென்னையிலிருந்து நெல்லைக்கு ரயிலா, பஸ்ஸா, காரா, விமானமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் வேலை, ஊர் தெற்கே என்று இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குப் போட ஒரு தடம் வேண்டும் என்பதால் சென்னை–திருநெல்வேலியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ரயிலில் சுமார் 650 கி.மீ., சாலையில் 620 சொச்சம். மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ நாகர்கோவிலுக்கோ போகிறவர்கள் கொஞ்சம் கூட்டிக் கழித்துக்கொள்ளலாம். கட்டணங்களைத் தோராயமாகத்தான் சொல்கிறேன். 2025-ல் மட்டும் ஜூலையிலும் டிசம்பரிலுமாக ரயில் கட்டணம் இரண்டு முறை ஏறியது. அதனால் டிக்கெட் போடும் அன்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது மலிவு?

ஒருவரோ இருவரோ என்றால் ரயிலில் ஸ்லீப்பர். நெல்லை எக்ஸ்பிரஸில் நானூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரவு எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் ஊர். அதே வண்டியில் மூன்றடுக்கு ஏசி ஆயிரத்துச் சொச்சம். அரசு விரைவுப் பேருந்தில் ஏசி இல்லாத இருக்கை அறுநூறு, எழுநூறு. ஆம்னி பஸ் சாதாரண நாளில் எண்ணூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை. விமானம் நல்ல நாளிலேயே மூவாயிரத்துக்கு மேல். காருக்கு ஆள் கணக்கு வேண்டும், அதைக் கீழே பார்ப்போம்.

ஆனால் இந்த வரிசை காகிதத்தில்தான் இப்படி இருக்கும். அந்த நானூறு ரூபாய் ஸ்லீப்பர், இரண்டு மாதம் முன்னால் முடிவெடுத்தவருக்குக் கிடைக்கிற விலை. பத்து நாள் முன்னால் யோசிப்பவருக்குப் பெரும்பாலும் அரசு பஸ்தான் மிஞ்சும். முந்தின நாள் லீவு கிடைத்தவர் ஆம்னிக்காரர் கேட்டதைக் கொடுப்பார். எந்த வண்டி மலிவு என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, "எப்போது முடிவு பண்ணினீர்கள்?" என்பதைத்தான்.

ரயில் முன்பதிவு எத்தனை நாள் முன்னால் திறக்கிறது?

60 நாள். முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் பாதியாக்கிவிட்டார்கள். பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். பொங்கலுக்கு ஜனவரி 12 இரவு வண்டி வேண்டுமென்றால் நவம்பர் 13 காலை 8 மணிக்குத் திறக்கும். 8 மணி 5 நிமிடத்துக்கு உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்டைத்தான் பார்க்கலாம்.

ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரைச் சரிபார்த்து வைத்திருக்கிறீர்களா என்பதை முந்தின வாரமே பாருங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளை மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். பயணிகளின் பெயர், வயது விவரங்களை 'மாஸ்டர் லிஸ்ட்'டில் முன்பே ஏற்றிவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் கட்டினால் வசதிக் கட்டணமும் குறைவு: ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. மற்ற வழியில் கட்டினால் 15-ம் 30-ம். கீழே 45 பைசா பயணக் காப்பீடு என்று ஒரு கட்டம் வரும். அதை டிக் செய்யாமல் விடுபவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

வெயிட்டிங் லிஸ்ட் 40 காட்டுகிறது. போடலாமா?

எந்த வெயிட்டிங் லிஸ்ட் என்பதைப் பொறுத்தது. ஜி.என்.டபிள்யூ.எல். என்று வந்தால் வண்டி கிளம்பும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கான பெரிய ஒதுக்கீடு. ஆட்கள் ரத்து செய்யச் செய்ய இதுதான் வேகமாக நகரும். பி.கியூ.டபிள்யூ.எல்., ஆர்.எல்.டபிள்யூ.எல். இரண்டும் இடையில் ஏறி இறங்குபவர்களுக்கான சின்ன ஒதுக்கீடுகள். அங்கே 15 என்று இருந்தாலும் நம்பாதீர்கள்.

தெரிந்தவர்கள் இதில் ஒன்று செய்வார்கள். நாகர்கோவில், கன்னியாகுமரி வரை போகும் வண்டியில் நெல்லைக்குக் கேட்டு பி.கியூ. காட்டினால், கடைசி நிலையம் வரைக்கும் டிக்கெட் கேட்டுப் பார்ப்பார்கள். கூடுதலாகக் கொஞ்சம் ரூபாய் போகும், ஆனால் ஜி.என். வரிசையில் இடம் கிடைக்கும். நெல்லையில் இறங்கிக்கொள்ளத் தடை இல்லை. நெல்லை எக்ஸ்பிரஸுக்கு இந்தச் சிரமம் வேண்டாம், அது நெல்லையோடு முடிகிறது.

ஆர்.ஏ.சி. வந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். ஒரு சைடு லோயரை இரண்டு பேர் பங்கு போட்டு உட்கார்ந்து போக வேண்டியிருக்கும், ஆனால் வண்டியில் ஏற உரிமை உண்டு. இணையத்தில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்காகவே நின்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். கவுன்டரில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் ஏறி நின்று போகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இப்போது இறக்கிப் பொதுப் பெட்டிக்கு அனுப்புகிறார்கள், அபராதமும் உண்டு.

தட்கல் கிடைக்குமா?

சாதாரண செவ்வாய், புதன் கிழமைகளில் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தின நாளுக்கு எதிர்பார்க்காதீர்கள். வண்டி கிளம்பும் நாளுக்கு முந்தின நாள், ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. 2025 ஜூலை முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் கட்டாயம். முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகளுக்கு அனுமதி இல்லை. ஸ்லீப்பருக்குக் கூடுதலாக அதிகபட்சம் 200 ரூபாய், மூன்றடுக்கு ஏசிக்கு 400. உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா வராது.

முன்பதிவே இல்லாமல் போனால்?

இருநூற்றைம்பது ரூபாய்க்குள் நெல்லை போய்விடலாம். இதைவிட மலிவு கிடையாது. 200 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே முன்பதிவில்லா டிக்கெட் எடுக்கலாம். ஆனால் டிக்கெட் மலிவே தவிர, உட்கார இடத்துக்கு உத்தரவாதம் இல்லை. வார இறுதியில் எழும்பூரில் பொதுப் பெட்டிக்கு வரிசை கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தாம்பரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் அந்தியோதயா முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள் கொண்டது. மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போவதால் நேரம் கூடும். தனியாக, ஒரே பையோடு போகிற இளைஞருக்குச் சரி. கைக்குழந்தையோடு வேண்டாம்.

நெல்லை வண்டிகள் எல்லாம் நிரம்பிவிட்டன. ரயிலை மறந்துவிடலாமா?

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்பட்டு ஆம்னி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார்கள். தேடல் கட்டத்தில் 'திருநெல்வேலி' என்று அடித்துப் பார்த்து இல்லையென்றதும் விடக்கூடாது. பக்கத்தில் போகும் வண்டிகளைப் பாருங்கள். தூத்துக்குடி போகும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கினால் நெல்லைக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸில் மதுரை போய், மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்தால் மூன்று மணி நேரம் சொச்சத்தில் நெல்லை. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்களுக்கு நெல்லையே தேவையில்லை. பொதிகை எக்ஸ்பிரஸ் நேராகச் செங்கோட்டைக்கே போகிறது. சிலம்பு எக்ஸ்பிரஸ் காரைக்குடி, மானாமதுரை வழியாகச் செங்கோட்டை போகும்.

பகலில் பயணம் செய்யத் தயார் என்றால் இன்னொரு மலிவான வழி உண்டு. வைகை எக்ஸ்பிரஸில் இரண்டாம் வகுப்பு இருக்கை மதுரை வரை இருநூறு ரூபாயை ஒட்டித்தான். மத்தியானம் எழும்பூரில் ஏறினால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு மதுரை. மாட்டுத்தாவணியில் தெற்கே போகும் பஸ் ராத்திரி முழுக்க உண்டு. டிக்கெட் உறுதியானது, உட்கார்ந்து போகலாம், எல்லாம் சேர்த்தும் ஸ்லீப்பர் செலவை ஒட்டித்தான் வரும். ஒரே குறை, அரை நாள் லீவு போகும்.

பண்டிகைச் சிறப்பு ரயில்களையும் கவனியுங்கள். அறிவிப்பு தாமதமாகத்தான் வரும், கட்டணம் கூடுதல், தாம்பரத்திலிருந்து கிளம்புவது அதிகம், வழியில் மற்ற வண்டிகளுக்கு ஒதுங்கி நிற்கும். அப்படியும் ஆம்னியின் பண்டிகை விலையோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே.

வந்தே பாரத் அந்த விலைக்கு மதிப்பா?

சென்னை–நெல்லை வந்தே பாரத் 2023 செப்டம்பர் 24-ல் தொடங்கியது. எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. இருக்கைக்குச் சாப்பாட்டோடு ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ரூபாய். ஸ்லீப்பரைப்போல நான்கு மடங்கு. குடும்பமாகப் போனால் எனக்கு மனசு வராது. ஆனால் இரவு வண்டியில் தூக்கம் வராதவர்களுக்கும், விமானத்துக்கும் இதற்கும் நடுவே ஊசலாடுபவர்களுக்கும் சரியான தேர்வு. காரணத்தை விமானக் கேள்வியில் சொல்கிறேன்.

அரசு பஸ்ஸா, ஆம்னியா?

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழக பஸ்ஸின் பெரிய பலம், பண்டிகை என்பதற்காகக் கட்டணம் ஏறாது. ஐப்பசி மழையிலும் தை மாதக் கூட்டத்திலும் அதே விலை. பெரிய பண்டிகைகளுக்குச் சிறப்புப் பேருந்துகளும் விடுகிறார்கள். பழைய பஸ்ஸில் இருக்கை சாயாது, சார்ஜர் வேலை செய்யாது என்ற புகார் உண்மைதான். இப்போது படுக்கை வசதியுள்ள பஸ்களும் ஏசி பஸ்களும் ஓடுகின்றன. விலை ஆயிரத்தைத் தாண்டும், ஆனால் நாளைக்கொரு விலை கிடையாது.

ஆம்னியில் விலை ஒவ்வொரு மணிக்கும் மாறும். வெள்ளி இரவு ஒன்று, திங்கள் இரவு ஒன்று. தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது மூவாயிரத்தைத் தாண்டுவது எல்லாருக்கும் தெரிந்த கதை. அரசுப் பேருந்துக்கு அரசாணை வைத்துக் கட்டணம் நிர்ணயிப்பதுபோல ஆம்னிக்கு இல்லை. உரிமையாளர்கள் சங்கம் ஒரு பட்டியல் வெளியிடும், போக்குவரத்துத் துறை எச்சரிக்கை விடும், பயணி கேட்டதைக் கட்டுவார்.

ஸ்லீப்பர் பஸ்ஸில் ஏறியதும் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபரில் கர்னூல் அருகே ஹைதராபாத்–பெங்களூரு ஸ்லீப்பர் பஸ் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். நள்ளிரவில் படுக்கையிலிருந்து இறங்கி வழி தேடுவது உட்கார்ந்த பஸ்ஸைவிடக் கஷ்டம்.

கிளாம்பாக்கம் போவதற்கே பாதிச் செலவு ஆகிறதே?

2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு இந்தத் தடத்தின் கணக்கே மாறிவிட்டது. தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு வாசலில் பஸ். தண்டையார்பேட்டை, பெரம்பூர், அம்பத்தூர்க்காரர்களுக்கு ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஊர்ப் பயணம். மூட்டை முடிச்சோடு வடசென்னையிலிருந்து ஆட்டோவோ கேபோ பிடித்தால், அந்தக் காசில் இன்னொரு ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்துவிடலாம்.

மலிவான வழி புறநகர் மின்சார ரயில். வண்டலூரிலோ தாம்பரத்திலோ இறங்கி மாநகரப் பேருந்து பிடிக்கலாம். மெட்ரோவில் விமான நிலையம் வரை வந்து அங்கிருந்து பஸ் பிடிப்பவர்களும் உண்டு. சாயங்காலம் ஜி.எஸ்.டி. சாலையில் கூட்டம் கட்டி நிற்பதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். வடசென்னையில் இருப்பவர்களுக்கு என் கருத்து: 200 ரூபாய் அதிகமானாலும் எழும்பூரில் ஏறும் வண்டியைப் பிடியுங்கள். தெற்கே இருப்பவர்கள் எழும்பூர் வரை போகாமல் தாம்பரம், செங்கல்பட்டை ஏறும் நிலையமாகப் போட்டுக்கொள்ளலாம்.

பெண்களுக்கு இலவச பஸ் ஊருக்கும் செல்லுமா?

செல்லாது. 2021 மே மாதம் வந்த அந்தத் திட்டம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும். கிளாம்பாக்கம் வரை போகும் சாதாரண மாநகரப் பேருந்தில் பயன்படும், அதன் பிறகு டிக்கெட்தான்.

காரில் போனால் எவ்வளவு ஆகும்?

620 கி.மீ.க்கு, நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் கார் என்று வைப்போம். 39 லிட்டர் வருகிறது. லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 3,900. பரனூரில் தொடங்கி ஆத்தூர், விக்கிரவாண்டி, சமயபுரம் என்று கயத்தாறு வரை சுங்கச்சாவடிகள் பத்தை ஒட்டி. அதற்கு ஆயிரம் ரூபாய்போல. ஆக, போக மட்டும் ஐயாயிரத்தை ஒட்டி. டயர் தேய்மானம், சர்வீஸ் எல்லாம் தனி, அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

இருவர் போனால் தலைக்கு 2,500. மூன்றடுக்கு ஏசியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நால்வர் போனால் தலைக்கு 1,250. ஏசி ரயிலுக்குச் சற்று மேலே, பண்டிகை ஆம்னிக்கு வெகு கீழே. ஐந்து பேர் என்றால் கார்தான். ஊரில் நான்கு நாள் கல்யாணம், கோயில் கொடை, மாமன் வீடு, சித்தி வீடு என்று அலைகிற வேலை இருந்தால் அங்கே டாக்சிக்குக் கொடுக்கிற பணமும் மிஞ்சும். நான் நான்கு பேர் சேராமல் காரை எடுக்கச் சொல்லமாட்டேன்.

அடிக்கடி போகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் நல்ல லாபம். அறிமுக விலை 3,000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 முறை, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஒரு சாவடியைக் கடப்பது ஒரு முறை. நெல்லைக்குப் போய்வர இருபதுபோலக் கழியும், ஆக ஒன்பது பத்துத் தடவை போய்வரலாம். இரண்டே தடவை போய்வந்தாலும் சாவடிச் செலவு நாலாயிரத்தை எட்டிவிடும். தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு, சொந்தக் கார்களுக்கு மட்டும் இது.

வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்து விடிய விடிய ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்துதான் கண் சொருகும் நேரம். மாற்றி ஓட்ட ஆள் இல்லையென்றால் திருச்சியில் ஓர் அறை எடுங்கள். அந்த வாடகையையும் காரின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

டிராப் டாக்சி? நண்பரின் நண்பர் காரில் பங்கு போட்டுப் போவது?

ஒருவழி டிராப் டாக்சி கி.மீ.க்கு 13, 14 ரூபாய் என்று சொல்வார்கள். நெல்லைக்கு எட்டாயிரத்தைத் தாண்டும். அதன்மேல் ஓட்டுநர் பேட்டா, சுங்கம். முடியாத பெரியவரை வீட்டு வாசலிலிருந்து வாசலுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் கொடுக்கலாம். மற்றபடி மலிவுப் பட்டியலில் இதற்கு இடமில்லை.

தெரிந்தவர் காரில் பெட்ரோலைப் பங்கு போடுவது வேறு. வெள்ளை நம்பர் பலகைக் காரில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது வேறு. இரண்டாவது சட்டப்படி தவறு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும்.

விமானம் எப்போதாவது மலிவாக வருமா?

நெல்லைக்கு விமான நிலையம் இல்லை. தூத்துக்குடிக்கு முன்னாலுள்ள வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். 2025 ஜூலையில் அங்கே புதிய முனையம் திறந்தார்கள். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கும். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி நேரம், முன்னதாகப் போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி நேரம், இறங்கிப் பெட்டி எடுத்து டாக்சி பிடித்து நெல்லை வர இன்னொரு மணி நேரம். மொத்தம் ஐந்து. வந்தே பாரத்தில் எட்டு. மூன்று மணி நேரம் மிச்சம் பிடிக்க டிக்கெட்டுக்கு இரட்டிப்புக்கு மேல் கொடுத்து, வாகைக்குளம் டாக்சிக்கு இன்னொரு ஆயிரம் கொடுக்கிறோம். துக்க வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம்.

திரும்பி வரும்போது இன்னொரு சிக்கல். பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. ஊரிலிருந்து அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசி, தேங்காய், வடகம், ஊறுகாய்க்கு அது போதாது. ரயில் ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம்.

டெல்லிக்குப் போவது வேறு கதை. 2,100 கி.மீ.க்கு மேல், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரு பகலும் இரண்டு இரவும். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள். முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டுக்கும் இரண்டடுக்கு ஏசிக்கும் உள்ள வித்தியாசத்தை வழிச் சாப்பாடும் கூடுதலாகப் போடும் லீவும் பெருமளவு தின்றுவிடும். அங்கே நான் விமானத்தின் பக்கம்.

அப்பா அம்மாவுக்கு ரயிலில் சலுகை இன்னும் இருக்கிறதா?

மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதற்கு முன் ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50 சதவீதம் குறைந்தது. கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இன்னும் உண்டு: 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதைத் தொட்ட பெண்களுக்கும். அதில் ஒரு நுணுக்கம். பெரியவர்கள் தனியாகவோ இருவராகவோ உள்ள டிக்கெட்டுக்குத்தான் அது சரியாக வேலை செய்யும். பேரன் பேத்தியையும் சேர்த்து ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால் தாத்தாவுக்கு அப்பர் பெர்த் வந்து நிற்கும். இருவருக்கும் தனி டிக்கெட் போடுங்கள்.

குழந்தைகளுக்கு?

ரயிலில் 5 வயதுக்குக் கீழே இலவசம். 5 முதல் 11 வரை தனிப் படுக்கை வேண்டாமென்றால் அரை டிக்கெட், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். தமிழக அரசு பஸ்ஸிலும் 5 வயது வரை இலவசம், 12 வரை அரை டிக்கெட். விமானத்தில் இரண்டு வயது தாண்டினால் முழு இருக்கைக்குக் கட்ட வேண்டும். ஆம்னியில் படுக்கைக்குத்தான் விலை, வயதுக்கு இல்லை.

போக டிக்கெட் கிடைத்துவிட்டது. திரும்ப வரத்தான் இல்லை. என்ன செய்வது?

போவதைவிடத் திரும்புவதுதான் கஷ்டம். போகும்போது கூட்டம் மூன்று நாட்களாகப் பிரிந்து கிளம்பும். திரும்பும்போது எல்லாருக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை இரவுதான். திரும்பும் நாளுக்கும் முன்பதிவு தனியாக 60 நாள் முன்னால் திறக்கும் என்பதால் காலண்டரில் இரண்டு தேதிகளையும் குறித்து வையுங்கள்.

அதையும் தவறவிட்டால் மூன்று வழி. சனி இரவே கிளம்பலாம், நெரிசல் குறைவு. ஞாயிறு பகலில் மதுரை வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கிளம்பும் வண்டிகளில் தேடலாம். அல்லது திங்கள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காலை ஆறு மணிவாக்கில் நெல்லையில் கிளம்பும் வந்தே பாரத்தில் ஏறினால் மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர். வாரத்தில் ஒரு நாள் அந்த வண்டி ஓடாது. நீங்கள் திரும்பும் நாள் அதுவா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.